முருகைக்கல் கோவில்கள் – 9: புதுமை மாதாவின் பீடத்தைச் செய்த கைகள்

சென்ற பகுதியை 1591இல் நிறுத்தியிருந்தோம். அந்த்ரே புர்த்தாது டி மென்டோன்சாவின் படை நல்லூரைப் பிடித்தது. எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரின் தயவில் அரியணை ஏறினான். 1544இல் முதலாம் சங்கிலி மன்னாரில் வேதக்காரரைக் கொன்றது, 1560இல் கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா படையோடு வந்து திரும்பியது என்று இதுவரை பார்த்ததெல்லாம் வாளின் கதை. அடுத்து வந்த கால் நூற்றாண்டு அப்படியானதல்ல. நல்லூரில் சைவ அரசன் இருந்தான். கடலோரத்தில், யாழ்ப்பாணப் பட்டினத்தில், பிரான்சிஸ்கன் துறவிகள் கோவில் வைத்துப் பூசை செய்தார்கள்.

இந்த வாரம் அந்தக் கடலோரக் கோவிலுக்குள் போகிறோம். அங்கே இருந்த ஒரு பீடமும் அதில் வைத்த ஒரு மாதா சுருவமும்தான் இந்தப் பகுதியின் பொருள். ஒரு சுருவத்துக்கு ஒரு வாரமா என்று கேட்கலாம். சில ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் எழுந்த கோட்டைக்குப் போர்த்துக்கேயர் வைத்த பெயர் அந்தச் சுருவத்தின் பெயர்தான்.

* * *

1614: கொச்சியிலிருந்து வந்த அன்னை

யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த பிரான்சிஸ்கன் துறவி பிரான்சிஸ்கோ டி சந்தோ அந்தோனியோ, தம் கோவிலுக்கு ஒரு மாதா சுருவம் வேண்டுமென்று முடிவு செய்தார். அதை அவர் கொச்சியில் செய்வித்தார். குழந்தை இயேசுவை ஏந்திய கன்னி மரியாளின் உருவம் அது. செதுக்கியவரின் பெயர் அன்னாக்குட்டி என்று பதிவாகியிருக்கிறது. 1614இல் அது யாழ்ப்பாணத்துக் கோவிலில் வைக்கப்பட்டது. அதன் முன் நின்று நேர்த்தி வைத்தவர்களுக்குப் புதுமைகள் நடந்தன என்ற நம்பிக்கை பரவியது; ‘நொஸ்ஸா சென்யோரா தோஸ் மிலாக்ரெஸ்’ என்று போர்த்துக்கேயரும் புதுமை மாதா என்று நம்மவரும் அழைத்தார்கள்.

அன்னாக்குட்டி என்ற அந்தப் பெயரைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. பிரான்சிஸ்கன் சபையின் கீழைத்தேயப் பணியை 1630களில் எழுதி வைத்த பவுலோ த திரிந்தாதேயின் பெருநூலிலும், இலங்கைப் போர்த்துக்கேயர் வரலாற்றை 1680களில் எழுதி முடித்த இயேசு சபைக் குரு பெர்னாவோ டி கெய்ரோஸின் நூலிலும் தளபதிகளின் பெயர்கள் நிரம்பிக் கிடக்கின்றன. துறவிகள் வருகிறார்கள், பிரபுக்கள் வருகிறார்கள். தச்சனும் தட்டானும் சிற்பியும் பெயரோடு வருவது மிக அரிது. கட்டியவனை விட்டுவிட்டுக் கட்டச் சொன்னவனை மட்டும் எழுதுவது அந்த நூல்களுக்கு மட்டும் உரிய குறையல்ல. நம் கோவில் கல்வெட்டுகளிலும் தானம் கொடுத்தவர் பெயர்தான் பெரும்பாலும் நிற்கிறது. அப்படியிருக்க, ஒரு சிற்பியின் பெயர் நானூறு ஆண்டு தாண்டி நம்மிடம் வந்திருக்கிறது. வந்த பெயர் லிஸ்பன் பட்டறையொன்றின் பெயரல்ல, மலையாளக் கரையின் பெயர்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கலையைப் பற்றி இரண்டு கருத்துகள் வழக்கில் இருக்கின்றன. அந்தக் கலை ஐரோப்பாவில் செய்து இங்கே இறக்கி வைத்தது என்பது ஒன்று. இந்த மண்ணின் சாயல் அதில் ஏறியது இருபதாம் நூற்றாண்டில்தான், அதுவும் 1962இல் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் என்பது மற்றது. முதல் கருத்தைக் கத்தோலிக்கர் அல்லாதவர் அதிகம் சொல்கிறார்கள். இரண்டாவதைக் கத்தோலிக்கரே சொல்கிறார்கள். இரண்டும் 1614ஐக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் வாதம். யாழ்ப்பாணத்தின் முதல் புகழ்பெற்ற பீடத்தில் நின்ற உருவம் இந்தக் கரைகளின் கையால் உருவானது. அதைச் சூழ்ந்த அலங்காரத்தையும் அப்படித்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

* * *

தடை சொல்லும் சாட்சியம்

ஒரே ஒரு பெயரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வாதமா என்ற கேள்வி நியாயமானது. ஆகவே அன்னாக்குட்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர் வாழ்ந்த காலத்துச் சட்டத்தைப் பார்ப்போம். 1567இல் கோவாவில் கூடிய முதலாவது மாகாணச் சங்கம் ஒரு தடை விதித்தது. கத்தோலிக்கர் யாரும் திருவுருவங்கள், படங்கள், சிலுவைகள், பூசைப் பாத்திரங்கள் முதலியவற்றை வேற்று மதத்துக் கைவினைஞரிடம் செய்விக்கக் கூடாது. பின்னால் கூடிய சங்கங்களும் அதையே திரும்பச் சொல்லின. நடக்காத ஒன்றை யாரும் தடுப்பதில்லை. நின்றுபோன ஒன்றைத் திரும்பத் திரும்பத் தடுப்பதும் இல்லை. கோவில்களுக்கு வேண்டிய பொருள்களை வேதக்காரர் அல்லாத தச்சரும் தட்டாரும் தொடர்ந்து செய்து கொடுத்தார்கள் என்பதற்கு இந்தத் தடையே சாட்சியம்.

திருச்சபைச் சட்டங்கள் பழைய வாசகத்தைப் பழக்கத்தால் அப்படியே எடுத்தெழுதும் இயல்புடையவை, அதை வைத்து நடைமுறையை ஊகிக்க முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். சில விடயங்களில் அது உண்மை. இங்கே தடையின் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. லிஸ்பனிலிருந்து கப்பல் தொகுதி ஆண்டுக்கு ஒருமுறை புறப்படும். பயணத்துக்கு ஆறு மாதமளவு பிடிக்கும். புதிதாக எழுந்த கோவில்களோ கோவா முதல் மயிலாப்பூர் வரையும், மன்னார் முதல் யாழ்ப்பாணம் வரையும் பரவிக் கிடந்தன. அத்தனை பீடங்களுக்கும் ஐரோப்பாவிலிருந்து சுருவம் வருவது நடக்கிற காரியமல்ல. இந்தக் கரைகளிலோ மரமும் தந்தமும் பொன்னும் வெள்ளியும் வேலை செய்வது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த தொழில். ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு நாள் போதும். ஒரு சிற்பியை உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும். துறவிகளுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் சங்கம் தடுத்தது, கோவில்கள் தொடர்ந்தன.

அன்னாக்குட்டி ஞானஸ்நானம் பெற்றவரா என்ற கேள்வி இந்த இடத்தில் அவ்வளவு முக்கியமானதல்ல. பெற்றிருந்தாலும் அவர் உளி பிடிக்கப் பழகிய பட்டறை மலையாளக் கரையின் பட்டறைதான். தென்னாட்டுச் சிற்பி உருவத்தை முக நீளத்தால் அளப்பவன். தாலக் கணக்கு அவன் மனப்பாடம். தலையிலிருந்து பாதம் வரை எந்த உறுப்பு எத்தனை பங்கு என்பது மரத்தைத் தொடுமுன்பே அவனுக்குள் இருக்கிறது. இந்தியக் கரைகளில் செய்யப்பட்ட அக்காலத்து மாதா உருவங்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் தெரிகிறது. உடல் நேராக முன்னோக்கி நிற்கிறது. இமை கனத்துக் கீழே இறங்கியிருக்கிறது. ஆடையின் மடிப்புகள் காற்றில் அலையாமல் ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாக விழுகின்றன. பார்க்கிறவனுக்கு முதுகு காட்டாத, பக்கவாட்டில் திரும்பாத அந்த நிலை கருவறை விக்கிரகத்தின் நிலை. கூடத்தில் நின்று கண்டு ரசிக்கும் கலைப்பொருளாக அவர்கள் அதைச் செய்யவில்லை, முன்னால் நின்று கும்பிடுவதற்காகச் செய்தார்கள்.

* * *

மாதிரி அவர்களுடையது, கை யாருடையது?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கை இங்கத்தையது என்றே வைத்துக்கொள்வோம். எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னவர் துறவி. அவர் கையில் ஐரோப்பிய அச்சுப் படம் இருந்தது. சிற்பி அதைப் பார்த்துச் செய்தார். அப்படியானால் சிந்தனை ஐரோப்பாவுடையது, இங்கே இருந்தது வெறும் கூலி உழைப்புத்தானே?

இந்த மறுப்பைச் சோதிக்க நம் தீவிலேயே செய்யப்பட்ட ஒரு பொருள் இருக்கிறது. லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தில் ரொபின்சன் பேழை என்ற பெயரில் ஒரு யானைத் தந்தப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோட்டே இராச்சியத்தின் சிற்பிகள் செய்தது. பாரிஸில் தீல்மான் கெர்வெர் அச்சிட்ட செபநூல் ஒன்றின் படங்கள் அவர்கள் கைக்குப் போயிருக்கின்றன. மரியாளுக்கும் சூசையப்பருக்கும் நடந்த மண ஒப்பந்தம், ஈசாயின் வம்ச மரம் ஆகிய காட்சிகள் அந்தப் படங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பெட்டியில் இன்னோர் உருவமும் இருக்கிறது: தோல் பையை அக்குளில் இடுக்கிக் குழல் ஊதும் ஒரு நாட்டுப்புறத்தான். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1514இல் தாமிரத் தகட்டில் வெட்டி அச்சிட்ட உருவம் அது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நகல் வேலை. கிட்டப் போய்ப் பார்த்தால் நகல் எங்கே முடிகிறது என்பது தெரியும். தாளில் கறுப்புக் கோடாக மட்டும் இருந்ததை இவர்கள் தந்தத்தில் ஆழமாக, ஒளியும் நிழலும் விழும்படி எழுப்பியிருக்கிறார்கள். கோட்டுக்கு எப்படிக் கனம் கொடுப்பது என்று அச்சுப்படம் சொல்லித் தராது. அந்த அறிவு சிற்பியினுடையது. காட்சிகளைச் சுற்றி ஓடும் கொடிச்சுருளையும் இடைவெளியே விடாமல் இடத்தை நிரப்பும் பழக்கத்தையும் எந்தத் துறவியும் கேட்டிருக்க மாட்டார். அவை இலங்கைச் சிற்பியின் கைக்குத் தாமாக வருபவை. மாதிரி வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே வேலை வெளியாருடையது ஆகிவிடாது. கம்பன் கதையை வடக்கிலிருந்து எடுத்தான் என்பதற்காக அவன் காவியத்தை நாம் வடக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டோமா?

கோட்டேயில் நடந்தது யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துமா என்று கேட்டால், பொருந்தும் என்றுதான் சொல்வேன். பாக்கு நீரிணையைச் சுற்றியிருந்த துறைகள் அக்காலத்தில் ஒரே சந்தை. யாழ்ப்பாணத்தின் பெரிய ஏற்றுமதி வன்னி யானைகள். கப்பல் போன வழியில் தச்சரும் தட்டாரும் போய் வந்தார்கள், அச்சுப் படங்களும் போய் வந்தன.

* * *

கோவாவில் ஒரு பீடம், இரண்டு கைகள்

புதுமை மாதாவின் பீடம் இன்று இல்லை. அந்தத் தலைமுறையின் அலங்காரம் எப்படியிருந்தது என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர் கோவாவின் பொம் ஜேசுஸ் பேராலயத்தில் புனித சவேரியாரின் பீடத்துக்குப் போக வேண்டும். சவேரியார் நம் தொடருக்கு அந்நியர் அல்ல. மன்னார்க் கொலைக்குப் பதிலாகச் சங்கிலி மேல் படை அனுப்பச் சொல்லி ஓயாமல் முயன்றவர் என்று மூன்றாம் பகுதியில் அவரைச் சந்தித்தோம். 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த அவருடைய உடல் பிறகு கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அந்தச் சிற்றாலயத்தில் இரண்டு வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. கீழே இருப்பது தொஸ்கானாவின் மூன்றாம் கோசிமோ தெ மெடிச்சி பிரபு கொடுத்த கல்லறை மேடை. புளோரன்ஸ் சிற்பி ஜொவான்னி பத்திஸ்தா பொஜினி பத்து ஆண்டளவு உழைத்துச் செய்தது. பல நிறச் சலவைக்கல்லும் சூரியகாந்தக் கல்லும் பதித்தது. நான்கு பக்கமும் புனிதரின் வாழ்வைச் சொல்லும் வெண்கலத் தகடுகள். 1698இல் கப்பலில் வந்து கோவாவில் பொருத்தப்பட்டது. மேலே இருப்பது வெள்ளிப் பேழை. இயேசு சபைக் குரு மர்செல்லோ மஸ்திரில்லி ஜப்பானுக்குப் போகும் வழியில் கோவாவில் தங்கியபோது செய்விக்கச் சொன்னது. 1636–37இல் கோவாத் தட்டார்கள் செய்தது. புனிதரின் வாழ்வை 32 காட்சிகளில் வெள்ளித் தகட்டில் அடித்து எழுப்பியது. பேழை முந்தியது, மேடை பிந்தியது. ஐரோப்பாவின் சிறந்த பட்டறை ஒன்று, இந்தியத் தட்டார் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குக் கீழே வைக்க ஒரு பாதபீடத்தை அறுபது ஆண்டு கழித்து அனுப்பியது. உடலைத் தாங்குவது இன்றும் தட்டாரின் வெள்ளிதான்.

அந்தப் பேழையின் முன்னால் நிற்கும் தமிழனுக்கு அது முற்றிலும் புதிய பொருளாகத் தோன்றாது. கம்பியாய் இழைத்த பூவேலை, தகட்டைப் பின்னாலிருந்து தட்டி முன்னால் உருவம் எழுப்பும் முறை, தூண்களுக்கு நடுவே கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் அமைப்பு. கோவில் வாகனத்துக்குக் கவசம் அடிக்கும் கை இப்படித்தான் வேலை செய்யும். 1636இல் கீழைத்தேயத்தின் மிகப் பெரிய புனிதருக்கே கோவாவின் இயேசு சபையார் இந்தக் கைகளை நம்பினார்கள் என்றால், யாழ்ப்பாணம் போன்ற ஓரத்துத் துறையில், வருமானம் குறைந்த பிரான்சிஸ்கன் துறவிகள் தம் பீடத்துக்கும் கூட்டுக்கும் விளக்குக்கும் வேறு யாரை அழைத்திருப்பார்கள்?

* * *

1619–1627: சுருவத்தைச் சுற்றி எழுந்த சுவர்

இனிக் கதை வேகம் பிடிக்கிறது. எதிர்மன்னசிங்கனுக்குப் பிறகு 1617இல் இரண்டாம் சங்கிலி ஆட்சியைக் கைப்பற்றினான். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா படையோடு வந்தான். சங்கிலி பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கொல்லப்பட்டான். யாழ்ப்பாண அரசு அதோடு முடிந்தது. ஆனால் எதிர்ப்பு முடியவில்லை. தஞ்சை நாயக்கரின் படை கடல் கடந்து வந்தது. அதோடு கைகோர்த்துப் போர்த்துக்கேயரை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மிகப்பிள்ளை ஆராச்சி; அவரும் வேதக்காரர்தான். வேதமும் பறங்கி ஆட்சியும் ஒன்றே என்று அன்றைய மக்கள் நினைக்கவில்லை என்பதற்கு இவரைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்தக் கலவரங்களின் நடுவில்தான் தீர்மானமான முடிவு எடுக்கப்பட்டது. ஒலிவேரா தலைநகரை நல்லூரிலிருந்து கடலோரத்துக்கு மாற்றினான். மாதா கோவில் இருந்த இடத்தைச் சுற்றி நான்கு மூலைக் கொத்தளங்களோடு சதுரக் கோட்டை எழுந்தது. அதன் பெயர் யாழ்ப்பாணத்துப் புதுமை மாதா கோட்டை. கப்பல் வந்து போக வசதியான கரை என்பதாலேயே அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது, சுருவத்துக்காக அல்ல என்று படை நோக்கில் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இடத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. பெயர் வேறு விடயம். கரையின் வசதிக்குப் பெயர் சூட்ட மன்னனும் தளபதியும் வரிசையில் காத்திருந்தார்கள். அவர்களை விட்டு அந்தச் சுருவத்தின் பெயரை எடுத்ததற்குக் காரணம், ஏறத்தாழ ஐந்தே ஆண்டில் அது பட்டினத்தின் முகமாகிவிட்டது என்பதுதான். 1627இல் இறந்த ஒலிவேராவும் அந்த மாதா கோவிலில்தான் அடக்கம் செய்யப்பட்டான்.

இப்போது தவிர்க்கவே கூடாத மறுப்புக்கு வருகிறோம். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தவன் இதே ஒலிவேரா. அந்தக் கற்கள் கோட்டை வேலைக்குப் போயின. கோட்டைக்குள் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்ததும் பழைய கோவில் கற்களின் துண்டுகள் வெளிப்பட்டதும் தற்செயல் அல்ல. முருகன் கோவிலைப் பெயர்த்து எடுத்த கல்லின் நடுவே நின்ற பீடத்தைப் பார்த்து, நம்மவர் கை செய்தது என்று பெருமை பேசலாமா? அது அழிவுக்கு வெள்ளையடிப்பதாகாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவரோடு எனக்குப் பகை இல்லை. அவருடைய வலி உண்மையானது. ஆனாலும் கல்லை இடம் மாற்றிய அதிகாரத்தையும் மரத்தைச் செதுக்கிய கையையும் ஒன்றாக்கினால் அது இரண்டாவது அநீதி. இடிக்கச் சொன்னவன் தளபதி. கடலிலிருந்து முருகைக்கல் எடுத்தவர்களும் சுண்ணாம்புச் சூளை எரித்தவர்களும் பனஞ்சிலாகை அறுத்துக் கூரை ஏற்றியவர்களும் இந்த ஊரார்; பலர் கட்டாய ஊழியத்தில் வந்தவர்கள். நேற்று நல்லூர்க் கோவிலுக்குத் தேர் செய்த தச்சரின் வீட்டுப் பிள்ளைகளே நாளை மாதாவுக்குக் கூடு செய்ய அழைக்கப்பட்டிருப்பார்கள். வேறு தச்சர் இங்கே எங்கே இருந்தார்கள்? அவர்களுடைய வேலையைப் பறங்கியின் கணக்கில் எழுதினால், ஒலிவேரா அவர்களிடமிருந்து எடுத்ததற்கு மேல் நாமும் ஒன்றை எடுத்தவர்களாவோம். இடிப்பையும் எழுதுவோம், செதுக்கியவன் பெயரையும் எழுதுவோம். நல்லூரில் இருந்து பணிபுரிந்த சுவாமி ஞானப்பிரகாசர் 1924இல் இலங்கைக் கத்தோலிக்க வரலாற்றை எழுதியவர். யாழ்ப்பாண அரசர்களின் வரலாற்றையும் அதே ஈடுபாட்டோடு தேடி எழுதினார். இரண்டையும் ஒரே மனம் தாங்க முடியும்.

* * *

1648: ஒரு மணி

பீடம் போய்விட்டது, ஆனால் பெயர் வெண்கலத்தில் நின்றது. கோட்டைக் கோவிலின் மணி ஒன்றில் யாழ்ப்பாணத்துப் புதுமை மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் போர்த்துக்கேய எழுத்தில் வார்க்கப்பட்டிருந்தன. பெயரின் முதல் இரண்டு சொற்களைச் சுருக்கி, ஊர்ப் பெயரை முழுதாக எழுதி, கடைசியில் ஆண்டு. அவ்வளவுதான் வாசகம். வார்ப்பித்தவன் பெயர் இல்லை, கொடுத்த பிரபுவின் பெயர் இல்லை. கோவில் சொத்து என்பதைவிட மாதாவின் சொத்து என்று எழுதியது போல் இருக்கிறது.

பத்தே ஆண்டு கழித்து, 1658இல், ரைக்லோப் வான் கூன்ஸின் ஒல்லாந்தப் படை கோட்டையை முற்றுகையிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தவர்கள் பசியிலும் நோயிலும் கிடந்து, யூன் மாதத்தில் சரணடைந்தார்கள். புதிய ஆட்சியாளரின் சீர்திருத்த சபைக்குச் சுருவம் என்றாலே விக்கிரகம். படையோடு வந்து யாழ்ப்பாணத்தில் குருவாக இருந்த பிலிப்பஸ் பல்தேயுஸ், தாம் பொறுப்பேற்ற ஊர்க் கோவில்களைப் படங்களோடு 1672இல் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் காட்டுகிறார். தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, வட்டுக்கோட்டை, சங்கானை என்று பெயர் பெயராக வருகின்றன. கூரை இருக்கிறது, முகப்பு இருக்கிறது. அவை இப்போது பிரசங்கக் கூடமும் பள்ளிக்கூடமும். பீடங்களின் காலம் முடிந்துவிட்டது.

ஆனால் மணியை அவர்கள் உருக்கவில்லை. 1706இல் ஒல்லாந்தர் கோட்டைக்குள் சிலுவை வடிவில் தம் பெரிய தேவாலயத்தைக் கட்டினார்கள். 1990ஆம் ஆண்டுப் போரில் சிதைந்தது அந்தத் தேவாலயம்தான். மாதாவின் பெயர் பொறித்த மணி அவர்கள் காலத்திலும் கோட்டையில் இருந்தது. நல்ல வெண்கலத்தை யார் வீணாக்குவார்கள் என்று சொல்லிவிடலாம். அது போதாத விளக்கம். வெண்கலத்தை உருக்கிப் பீரங்கி வார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். மணியை மக்கள் கும்பிட மாட்டார்கள், ஆகவே அது ஆபத்தில்லை என்று கருதினார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்கள் அஞ்சியது எழுத்துக்கு அல்ல, முகத்துக்கு. கனத்த இமையோடு முன்னோக்கி நின்ற அந்த முகத்துக்கு மக்கள் மேல் எவ்வளவு பிடி இருந்தது என்பதை, அதை அகற்றியவர்களே நமக்குச் சொல்லிவிட்டார்கள்.

சுருவம் எங்கே போனது? போர்த்துக்கேயர் அதைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள் என்பது கத்தோலிக்க மரபு. அதே காலத்தில் தெற்கே மாந்தையில் இன்னொரு மாதா சுருவம் இருந்தது. ஒல்லாந்தரின் கெடுபிடி இறுகியபோது, 1670 அளவில், அந்த ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதைத் தங்களோடு எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனார்கள். அது போய்த் தங்கிய இடம்தான் இன்றைய மடு.

ஒன்று கப்பலேறியது, மற்றது காட்டுக்குள் போனது. கொச்சியில் செதுக்கி, யாழ்ப்பாணத்து மக்கள் நேர்த்தி வைத்து, கோட்டைக்கே பெயர் கொடுத்த சுருவத்தைக் கடல் கடத்த முடிவெடுத்தது யார்? துறவிகளா, தோற்றுப் புறப்பட்ட தளபதிகளா? மாந்தைக்காரர் தம் மாதாவைக் கையோடு தூக்கிக்கொண்டு போனபோது, பட்டினத்துக் கத்தோலிக்கர் தங்கள் மாதாவை விட்டுக்கொடுத்தார்களா, அல்லது அவர்களை யாரும் கேட்கவே இல்லையா? 1687இல் பரதேசி வேடத்தில் குரு யோசேவ் வாஸ் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கும்வரை, குருவும் இல்லாமல் பீடமும் இல்லாமல் இருந்த அந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், வீடுகளுக்குள் அவர்கள் எதன் முன்னால் முழந்தாளிட்டார்கள்?

(தொடரும்)